மூடப்படும் அடுக்கும் எழுதப்படும் கணக்கும்: புதுச்சேரிச் சாலைப் பணிகளில் அளவுப் பதிவின் வரலாறு

கட்டிமுடித்த சுவரின் நீளத்தையும் உயரத்தையும் பத்தாண்டு கழித்தும் ஒரு நாடாவைக் கொண்டு அளந்துவிடலாம். கிணற்றின் ஆழத்தைக் கயிறு விட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் சாலையோ, இறுக்கிய மண்ணின்மேல் கிராவலும், கிராவலின்மேல் ஜல்லியும், ஜல்லியின்மேல் தாரும் என்று ஒவ்வோர் அடுக்கும் தனக்கு முந்தியதை மூடிக்கொண்டே எழுவதாகையால், வேலை முடிந்த மறுநாளே அதன் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாததாகிவிடுகிறது. ஜல்லி ஒன்பது அங்குலம் போடப்பட்டதா, ஆறு அங்குலமே போடப்பட்டதா என்று பிற்பாடு ஒருவர் கேட்டால், அந்த ஜல்லி மூடப்படாமல் கிடந்த ஓரிரு நாட்களில் யாரோ அங்கே நின்று எழுதிய குறிப்பு ஒன்றே விடை சொல்லக்கூடும். பொதுப் பணத்தில் நடைபெறும் சாலைப் பணிகளில் பொறுப்புடைமை என்று இன்று பேசப்படுவதெல்லாம், என் அபிப்பிராயத்தில், அந்தக் குறிப்பை யார், எங்கே நின்று, எந்த நாளில் எழுதினார், எழுதியதை வேறு யார் பார்க்க முடிந்தது என்ற விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கிறது. பிரெஞ்சு நிர்வாக மரபும் ஆங்கில இந்திய நிர்வாக மரபும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ள புதுச்சேரி நகரம், அக்குறிப்பின் சரித்திரத்தை ஆராய்வதற்கு மிகவும் பொருத்தமான ஸ்தலம்.

1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பற்றித் தரைமட்டமாக்கிய இந்நகரத்தை, 1765இல் மீண்டும் பெற்றுக்கொண்ட பிரெஞ்சுக்காரர், ழான் லா என்ற ஆளுநரின் காலத்தில் திரும்பக் கட்டத் தொடங்கியபொழுது, நூல் பிடித்தாற்போன்ற பழைய வீதியமைப்பையே பெரும்பாலும் பின்பற்றினர். வீதியை நேராக இடுவதில் இவ்வளவு அக்கறை காட்டிய ஓர் அரசு, அதற்கான செலவுக் கணக்கிலும் தனக்கென ஒரு சம்பிரதாயம் வைத்திருந்ததில் வியப்பில்லை. 'போன் எ ஷோசே', அதாவது 'பாலங்களும் சாலைகளும்' என்ற பெயரில் பிரான்சில் 1716இல் நிறுவப்பட்ட பொறியாளர் குழாமும், 1747இல் அதற்கென ஏற்பட்ட பள்ளியும், உலகில் சாலைப் பொறியியலை ஓர் அரசாங்க சாஸ்திரமாக்கிய முதல் ஸ்தாபனங்களுள் சேர்ந்தவை. அந்தத் துறையின் கிளை புதுச்சேரியிலும் இயங்கிற்று. 1860களில் இங்கே தலைமைப் பொறியாளராக இருந்த லமரேஸ் என்பவர், மதகுகளையும் சாலைகளையும் கவனித்தது போக எஞ்சிய நேரத்தில் தமிழ்ப் பாடல்களைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து வெளியிட்டவர் என்பது, நம் விஷயத்துக்குப் புறம்பானதாயினும், சொல்லாமல் விட மனம் வராத ஒரு செய்தி.

அந்த மரபில் மூன்று அம்சங்கள் நம் கவனத்துக்குரியவை. அரசாங்க ஒப்பந்தங்கள் போட்டியுடனும் விளம்பரத்துடனுமே விடப்படவேண்டும் என்று 1836ஆம் ஆண்டின் அரசாணை விதித்தது முதலாவது. செலவுக்கு உத்தரவிடும் அதிகாரி ஒருவர், பணத்தைக் கையாளும் கணக்கர் வேறொருவர், இவ்விரண்டும் ஒரே கையில் சேரலாகாது என்பது இரண்டாவது. 1862ஆம் ஆண்டு மே 31இன் பொதுக்கணக்கு ஆணை இப்பிரிவினையை விரிவாக வகுத்துரைத்தது. மூன்றாவதோ மேற்கண்ட இரண்டினும் நுட்பமானது. பின்னர் மண்ணுக்குள் மறைந்துவிடப்போகும் வேலைகளை, அவை மறையும் முன்னரே, பொறியாளரின் ஆளும் ஒப்பந்தக்காரரும் சேர்ந்து நின்று அளந்து, இருவரும் கையொப்பமிடும் 'அத்தாஷ்மான்' என்ற தலக்குறிப்பு அது. கையொப்பமிட மறுப்பவர் மறுப்பதற்கான காரணத்தைக் குறித்த கெடுவுக்குள் எழுதித் தரவேண்டும். சாலையின் உண்மை ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டுமே காணக்கிடைக்கிறது என்பதை இவ்விதியை வகுத்தவர் தெளிவாக உணர்ந்திருந்தார். எனினும் அந்தக் குறிப்பைப் பார்க்கக்கூடியவர் இருவரே. வீதியில் நடந்துபோகும் குடியானவனுக்கு அதில் பாத்தியதை எதுவும் இல்லை. 1880இல் நகரசபைகள் ஏற்பட்டு, 'மேர்' என்ற நகரத் தலைவரும் அவருடைய அலுவலகமான 'மேரி'யும் ஊர்ப் பேச்சில் நிலைத்த பின்னரும் இந்நிலை மாறியதாகச் சொல்வதற்கில்லை.

எல்லைக்கு அப்பால் சென்னை ராஜதானியில் நடந்தது வேறு கதை. அங்கே பொதுவேலைகளின் நிலையை விசாரிக்க அமைந்த குழு 1852இல் தன் அறிக்கையைத் தந்தது; 1854இல் டல்ஹௌசி பிரபுவின் ஆட்சியில், ராணுவ வாரியத்தின் பொறுப்பிலிருந்த வேலைகள் பிரிக்கப்பட்டுப் பொதுப்பணித்துறை உருவாயிற்று. அத்துறையின் கணக்கு விதிகளில் காலக்கிரமத்தில் உறுதிப்பட்டு, இன்றும் பொறியாளர்கள் 'எம். புக்' என்று சுருக்கிச் சொல்லும் அளவுப் புத்தகம், நம் நாட்டு நிர்வாகம் கண்ட தஸ்தாவேஜுகளுள் மிகவும் விசேஷமானது. அதன் பக்கங்கள் அச்சிலேயே எண்ணிடப்பட்டவை. ஒரு தாளையும் கிழிக்கலாகாது. எழுதியதை அழிக்கலாகாது, அடித்து அருகே சுருக்கொப்பமிடவேண்டும். துண்டுக் காகிதத்தில் குறித்துவந்து பிறகு நகலெடுக்கலாகாது, அளக்கும் இடத்திலேயே நேராக எழுதவேண்டும். இளநிலைப் பொறியாளர் எழுதிய அளவுகளில் பாதிக்குக் குறையாமல் உதவிப் பொறியாளரும், பத்தில் ஒரு பங்கைச் செயற்பொறியாளரும் தாமே அளந்து சரிபார்க்கவேண்டும். பில் போட்டதும் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு சாய்கோடு இழுக்கப்படும். ஒரே ஜல்லிக்கு இரண்டு முறை பணம் போகாமல் தடுக்க அக்காலத்தவர் கண்ட உபாயம் அந்த ஒரு கோடுதான். நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கப்படக்கூடிய புத்தகம் என்ற எச்சரிக்கை, புதிதாக வேலையில் சேரும் ஒவ்வொரு பொறியாளருக்கும் மூத்தவர்கள் சொல்லும் முதல் உபதேசம்.

1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் ஆட்சி நடைமுறையில் இந்தியாவுக்கு வந்து, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் வந்து, 1963 ஜூலையில் யூனியன் பிரதேசமாக அமைந்தபொழுது, அத்தாஷ்மானின் ஊருக்குள் எம். புக் நுழைந்தது. மத்தியப் பொதுப்பணித்துறையின் கையேடுகளையும் கணக்கு விதிகளையும் பின்பற்றும் வழக்கம் இங்கே வேரூன்றியது. கையில் எடுத்துக்கொண்ட புத்தகத்தின் பெயர் மாறிற்றேயன்றி, அதன் ஆத்மா ஏறத்தாழ ஒன்றே என்று இவ்விரு மரபுகளையும் ஒப்பிடுவோர் காண்பர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பிரெஞ்சு முறையில் ஒப்பந்தக்காரரின் கையொப்பம் குறிப்பின் பிறப்பிலேயே சேர்ந்திருந்தது. இந்திய முறையிலோ எழுதும் கை முழுக்க முழுக்கச் சர்க்காரின் கையாகவே இருந்தது, ஒப்பந்தக்காரர் ஒப்புக்கொள்பவராக மட்டுமே நின்றார்.

இத்துடன் புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கலையும் நினைவுகொள்ளவேண்டும். வில்லியனூரைக் கடந்து விழுப்புரம் செல்லும் சாலையில் புதுச்சேரி எல்லை முடிந்து, தமிழ்நாட்டின் கண்டமங்கலம் வந்து, பின் திருபுவனையில் மறுபடியும் புதுச்சேரி வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வப்போது கிராமம் கிராமமாகக் கிடைத்த நிலங்களின் தழும்புதான் இது. பேருந்தில் போகிறவனுக்கு ஒரே சாலை. பராமரிப்புக் கணக்கில் அதைப் பங்குபோட்டுக்கொள்ளும் அலுவலகங்கள் எத்தனையோ. குழி எங்கே இருக்கிறது என்று சொல்வதைவிட அது யாருடைய குழி என்று நிர்ணயிப்பதே இங்கே நெடுநாளாகக் கடினமான காரியம்.

எம். புக்கின் பலவீனம் அதன் விதிகளில் இல்லை, அது இருந்த அலமாரியில் இருந்தது. இடத்திலேயே எழுதப்படவேண்டியது மாதக் கடைசியில் அலுவலக மேஜையில் எழுதப்பட்டால், அதைக் காட்டிக்கொடுக்க அப்புத்தகத்தில் எந்தக் கருவியும் கிடையாது. மை சாட்சி சொல்லாது. மஸ்டர் ரோல் எனப்படும் கூலியாட்கள் வருகைப் பட்டியலின் கதியும் அதுவே. இந்த அலமாரிக் கதவைத் திறக்கச் செய்த பெருமை, கணினிக்கு முன்பாக, ராஜஸ்தானத்துக் கிராமவாசிகளைச் சாரும். 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பினர், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் நடத்திய பொது விசாரணையில், பட்டியலில் உள்ள பெயர்களையும் பில்களில் உள்ள வேலைகளையும் ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். வேலை செய்யாதவன் கூலி பெற்றதாக எழுதப்பட்டிருந்தது அவன் காதாலேயே கேட்கப்பட்டது. அந்தக் கிளர்ச்சியின் வழித்தோன்றலான 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், புதுச்சேரியில் ஒரு வீதியின் எம். புக் நகலைப் பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து எவரும் கேட்கும் நிலையை ஏற்படுத்திற்று.

கணினி இத்துறைக்குள் வந்த கிரமம் கவனிக்கத்தக்கது. அது முதலில் மதிப்பீடு போடும் கணக்கராக வந்தது. அதில் பொறுப்புடைமைக்கு ஆதாயம் அற்பமே. பிறகு டெண்டர் பெட்டியின் இடத்துக்கு வந்தது. டெண்டர் போட வருபவரைப் பெட்டியருகே செல்லவிடாமல் வழிமறிக்கும் பழைய தந்திரங்களை, தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய மின்கொள்முதல் மென்பொருள் பெருமளவு செல்லாக்காசாக்கியது. புதுச்சேரி அரசின் டெண்டர்களும் அதன் வழியாகவே இணையத்தில் வெளியாகின்றன, 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளும் அதைக் கட்டாயமாக்கின. மூன்றாவதாக அது எம். புக்கையே தொட்டது. கணினிவழி அளவுப் புத்தகத்தை மத்தியப் பொதுப்பணித்துறை ஏற்றபொழுது, அளவுகளை முதலில் பதிந்து தருபவர் ஒப்பந்தக்காரர், சரிபார்ப்பவர் பொறியாளர் என்ற ஏற்பாடு வந்தது. அதாவது, நூற்றாண்டுக்கும் மேலாகச் சர்க்காரிடம் இருந்த எழுதுகோல், வேலை செய்தவன் கைக்கு மாறிற்று. இந்த மாற்றம் அலுவலகச் சௌகரியத்துக்காக நேர்ந்த ஒரு சிறு திருத்தமாகவே கருதப்பட்டது. ஆயினும் அத்தாஷ்மானுக்குப் பின் அளவுப் பதிவின் சரித்திரத்தில் நேர்ந்த மிகப்பெரிய திருப்பம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

நாடெங்கும் சாலைப் பணிகளுக்கென்றே அமைந்த மென்பொருள்களில் முதன்மையானது, 2000 டிசம்பர் 25இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்துக்காகப் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'ஓமாஸ்'. ஒவ்வொரு சாலையின் நீளம், ஒப்பந்தத் தொகை, ஒப்பந்தக்காரர், கொடுத்த பணம், தர ஆய்வாளர் எடுத்த படங்கள் ஆகியவை அதில் பதியப்படுகின்றன. ஒப்பந்தத்திலேயே ஐந்தாண்டுப் பராமரிப்பும் சேர்ந்திருப்பதால், சாலையின் பிற்கால வரலாறும் பதிவுக்குள் வருகிறது. இவற்றுள் பெரும்பகுதியை எவரும் பார்க்கலாம் என்பதே அதன் உயிர். அவ்வாறு பார்க்க முடிந்ததால்தான், 2018இல் வெளியான ஓர் ஆய்வில் லேனே, ஷாப்பிரோ, வான்டன் எய்ண்டே என்ற மூவர், அத்திட்டத்தின் ஒப்பந்தக்காரர் பெயர்களைச் சட்டமன்ற உறுப்பினர்களின் பெயர்களோடு ஒப்பிட்டு, ஒருவர் தேர்தலில் வென்றதும் அவருடைய குடும்பப் பெயரையே கொண்ட ஒப்பந்தக்காரர்களின் பங்கு 4 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்வதைக் காட்ட முடிந்தது. முடிந்ததாகப் பதியப்பட்ட சாலைகளை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் ஒப்பிட்டு, அரசியல் தலையீட்டால் கூடுதலாகக் 'காணாமற்போன' சாலைகள் 497 என்றும், அவை ஏறத்தாழ 8,60,000 பேருக்குப் பயன்பட்டிருக்கும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். மென்பொருள் திருட்டைத் தடுக்கவில்லை. ஆனால் திருட்டைத் தானறியாமல் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தது. தமிழர்களிடையே தலைப்பெழுத்துக்கும் சொந்தப் பெயருக்கும்மேல் குடும்பப் பெயர் பெரும்பாலும் வழங்குவதில்லையாதலால், இந்த உபாயத்தை நம் ஊரில் அப்படியே கையாள இயலாது என்பதை இங்கே இடைக்குறிப்பாகச் சொல்லலாம்.

பதிவு எவ்வளவு திறந்ததாயினும், மூடப்பட்ட அடுக்கைத் தோண்டிப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. இந்தோனேசியாவில் 608 கிராமச் சாலைகளில் பென் ஓல்கன் நடத்தி 2007இல் வெளியிட்ட பரிசோதனையில், பொறியாளர்கள் முடிந்த சாலைகளைத் துளையிட்டு உள்ளிருக்கும் பொருளை அளந்து, கணக்கில் காட்டிய செலவோடு ஒப்பிட்டார்கள். தணிக்கை நடக்கும் வாய்ப்பு 4 சதவீதம் என்ற நிலையிலிருந்து நிச்சயம் என்றாக்கப்பட்டபொழுது, காணாமற்போகும் செலவு ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. கணினித் திரையின் கதியோ வேறு. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் மஸ்டர் ரோலின் இடத்துக்கு 2021இல் வந்து, 2023 ஜனவரி முதல் ஏறத்தாழ எல்லா வேலைத்தளங்களுக்கும் கட்டாயமான கைப்பேசிச் செயலி, தொழிலாளர்களைத் தளத்திலேயே இருவேளை படமெடுத்து, நேரமும் இடமும் முத்திரையிட்டு அனுப்பச் செய்தது. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், படத்தையே படமெடுத்து அனுப்புவதையும் குறிப்பிட நேர்ந்தது. மேஜையில் உட்கார்ந்து எம். புக் எழுதிய கையும், படத்தைப் படமெடுத்த கையும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. ஆயினும் ஒரு பேதம் உண்டு: முன்னவனைக் கண்டுபிடிக்க மனிதசாட்சி வேண்டும், பின்னவனை, சேமித்து வைத்த படங்களைப் பொறுமையாகப் பார்க்கும் எவரும் கண்டுவிடலாம்.

2017 ஜூனில் சீர்மிகு நகரத் திட்டத்துக்குத் தேர்வான புதுச்சேரி நகரத்தில், பழைய பெரிய வாய்க்காலின் இருபுறத்து வீதிகளிலும் சாலைக்கணக்கின் சிக்கல் இன்று தரைக்கு மேலே இல்லை. ஒரு வீதியின் கீழே குடிநீர்க் குழாயும், கழிவுநீர்க் குழாயும், மின்கம்பியும், தொலைபேசிக் கம்பியும் கிடக்கின்றன. அவற்றைப் பழுதுபார்க்கும் அதிகாரம் வெவ்வேறு பிரிவுகளுக்குரியது. தார் போட்டு ஆறாத வீதியை வெட்டிப் பள்ளமாக்கி, மண்ணை அள்ளிப்போட்டு மூடிவிட்டுப் போவதை இவ்வூரில் காணாதவர் இல்லை. உத்தரவாதக் காலத்துக்குள் அந்த இடம் உள்வாங்கினால், வெட்டியவர்களைக் கேளுங்கள் என்கிறார் சாலை போட்ட ஒப்பந்தக்காரர். போட்டதே சரியில்லை என்கிறார் வெட்டியவர். இந்த வழக்கைத் தீர்ப்பதற்கு வேண்டியவை சாலை முடிந்த தேதியும், பள்ளம் வெட்டிய தேதியும், மூடுமுன் எடுத்த அளவும். முதலாவது ஒரு மென்பொருளிலும், இரண்டாவது வேறோர் அலுவலகத்தின் அனுமதிக் கோப்பிலும் கிடக்கும்வரை, மூன்றாவதை எழுதும் கடமை எவருக்கும் இல்லாமற்போகிறது. அத்தாஷ்மான் வழங்கிய நாளில், பள்ளத்தை மூடுமுன் இருவர் நின்று கையொப்பமிட்டுக்கொண்டிருந்த ஊர் இது.