தோடர் பூத்தையல்

தோடர் பூத்தையல் என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் வாழும் தோடர் பழங்குடிப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்துவரும் கைத்தையல் கலையாகும். எருமை வளர்ப்பையே மரபுத் தொழிலாகக் கொண்ட தோடர்கள் துணி நெய்வதில்லை. வெளியிலிருந்து பெறும் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் தைக்கின்றனர்.

துணியில் முன்னதாகக் கோலம் எதுவும் வரையப்படுவதில்லை. நெசவின் இழைகளை எண்ணியே ஊசி செலுத்தப்படுகிறது. அதனால் வடிவங்கள் பெரும்பாலும் நேர்கோடுகளாலும் கட்டங்களாலும் அமைகின்றன.

இவ்வாறு தைக்கப்படும் பூத்துக்குளி என்னும் போர்வையை ஆண், பெண் இருபாலரும் அணிகின்றனர். இறந்தோரின் உடலையும் இதனால் போர்த்துவது வழக்கம்.

இக்கலைக்கு 2013 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பிறர் செய்யும் போலிகளை இப்பெயரில் விற்பதற்கு எதிராக அது தோடர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது.