எரித்ததற்கு என்ன விலை?

கொள்ளை நோய் ஓர் ஊருக்குள் புகுந்தால் ஜனங்களுக்கு இரண்டு அடி விழுகிறது. முதல் அடி நோயினுடையது. அதைப் பற்றி எழுதாத சரித்திர ஆசிரியர் இல்லை. இரண்டாவது அடி, நோயைத் தடுப்பதற்காகப் போடப்படும் உத்தரவுகளுடையது. கடையைச் சாத்து, தெருவை அடை, வீட்டைக் காலி செய், தட்டுமுட்டுச் சாமான்களைக் கொளுத்து என்று உத்தரவுகள் வருகின்றன. அவை அவசியமாகவே இருக்கலாம். ஆனாலும் நோய் எட்டிப் பார்க்காத வீட்டில்கூட அவை அடுப்பை அணைத்துவிடுகின்றன. ஊர் பிழைப்பதற்காக ஒருவன் தன் பிழைப்பை இழந்தான் என்றால், அந்த நஷ்டத்தை யார் ஏற்பது? அவனேவா? அவனுக்கு இடம் விட்ட சொந்தக்காரரா? அல்லது பிழைத்துப்போன ஊரா?

இந்தக் கேள்விக்கு ஒரே ஊர் இரண்டு தடவை பதில் சொல்ல நேர்ந்த கதை ஒன்று உண்டு. பஸிபிக் சமுத்திரத்தின் நடுவே, ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹோனலூலுதான் அந்த ஊர்.

1899ஆம் ஆண்டின் கடைசியில் ஹவாய் இரண்டும் கெட்டான் நிலையில் இருந்தது. 1893இல் அங்கே ராணி லிலியுவோகலானியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டு, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆனால் அமெரிக்கச் சட்டப்படியான ஆட்சி அமைப்பு 1900 ஜூன் மாதம் வரை வந்து சேரவில்லை. பழைய அரசாங்கம் போய்விட்டது, புதிய அரசாங்கம் இன்னும் வரவில்லை என்ற இடைக்காலம். ஹோனலூலுவுக்குத் தனி நகரசபைகூடக் கிடையாது.

துறைமுகத்துக்கு அருகே சைனாடவுன் இருந்தது. பெயர்தான் சைனாடவுன். சீனர்களோடு ஜப்பானியரும் ஹவாயின் பூர்வ குடிகளும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வசித்தார்கள். மரக் கட்டடங்கள், கீழே கடை, மேலே குடித்தனம். 1886இல் ஒரு முறை பெருந்தீ பிடித்துச் சாம்பலான பேட்டை அது. மறுபடியும் அவசர அவசரமாக மரத்திலேயே கட்டி எழுப்பியிருந்தார்கள். நிலத்தில் பெரும் பகுதி வெள்ளையருக்கும் ஹவாய்ப் பிரபுக் குடும்பங்களுக்கும் சொந்தம். சீன வியாபாரிகள் அதைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டடம் கட்டி, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டார்கள். ஆக, ஒரு கட்டடத்தின்மேல் மூன்று நான்கு பேருக்குப் பாத்தியதை. சொந்தக்காரர், குத்தகைக்காரர், கடைக்காரர், மேல் அறையில் பாய் விரித்துப் படுக்கும் கூலிக்காரர். இந்த ஏணியின் மேற்படிக்கும் கீழ்ப்படிக்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அது முக்கியமாகப்போகிறது.

1899 டிசம்பர் 12ஆம் தேதி, சைனாடவுனில் சீனக் கணக்குப்பிள்ளை ஒருவர் இறந்தார். பிளேக் என்று டாக்டர்கள் தீர்மானித்தார்கள்.

அந்தப் பிளேக் நமக்கு அந்நியமல்ல. 1894இல் ஹாங்காங்கை உலுக்கி, 1896இல் பம்பாயில் இறங்கி, அந்த நகரத்து ஜனங்களை லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடச்செய்த அதே நோய்தான். பம்பாயில் வெளிச்சமும் காற்றும் புகவேண்டும் என்று வீடுகளின் கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். ‘மனிதர் வசிக்கத் தகுதியற்றது’ என்பதற்கு அடையாளமாகச் சுவரில் மூன்று ஆங்கில எழுத்துக்களைப் பொறித்தார்கள். ஹோனலூலுவில் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள்.

அங்கே சுகாதார போர்டின் டாக்டர்கள் மூவர் கையில் ஏறக்குறைய சர்வாதிகாரமே ஒப்படைக்கப்பட்டது. எமர்ஸன், டே, உட் என்பவர்கள் அவர்கள். கெட்டிக்காரர்கள், சமீபத்திய விஞ்ஞானத்தைப் படித்தவர்கள். பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் எர்ஸான் கண்டுபிடித்துவிட்டது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிருமி எலியிடமிருந்து மனிதனுக்குத் தெள்ளுப்பூச்சியின் மூலம் வருகிறது என்று சீமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1898இல் சொன்னதை அப்போது உலகம் ஏற்கவில்லை. கிருமி மண்ணிலும் அழுக்கிலும் ஒளிந்திருக்கிறது, அதை அழிக்க நிச்சயமான வழி நெருப்பு என்று அவர்கள் நம்பினார்கள்.

முதலில் சைனாடவுனைச் சுற்றிக் காவல் போட்டார்கள். உள்ளே பத்தாயிரம் பேர் வரை அகப்பட்டுக்கொண்டார்கள். வெளியே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்குக் கூலி நின்றது. வெளியிலிருந்து வந்த வாடிக்கைகள் நின்றன. டிசம்பர் 31ஆம் தேதி முதல், நோய் கண்ட கட்டடங்களைத் தீயணைப்புப் படையினரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கொளுத்த ஆரம்பித்தார்கள். ஜனவரி மாதத்தில் இப்படிப் பல கட்டடங்கள் ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தன. நெருப்பு சொன்ன பேச்சைக் கேட்கும் என்ற நம்பிக்கை வளர்ந்தது.

1900 ஜனவரி 20ஆம் தேதி நெருப்பு பேச்சைக் கேட்கவில்லை. பெரட்டானியா வீதியில், கௌமாகாபிலி மாதாகோவிலுக்குப் பக்கத்தில் காலையில் தீ வைத்தார்கள். காற்று திசை மாறியது. மாதாகோவிலின் உயர்ந்த கோபுரங்களில், தண்ணீர் எட்டாத உயரத்தில், பொறி போய் விழுந்தது. அங்கிருந்து தீ கூரைக்குக் கூரை தாவித் துறைமுகம் வரை சென்றது. சைனாடவுனில் சுமார் 38 ஏக்கர் கருகிப்போயிற்று. காவல் கோட்டுக்குள் இருந்த ஜனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நோய் ஊருக்குள் பரவிவிடும் என்ற பயத்தில் தடிகளுடன் வந்த வெள்ளையர்கள் எதிரே வழி மறித்து நின்றார்கள். கடைசியில் அவர்களைக் காவலோடு கவாயஹாவோ மாதாகோவில் மைதானத்துக்கு நடத்திச் சென்றார்கள். ஒருவரும் தீயில் சாகவில்லை என்பது ஓர் அதிசயம். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அன்று இரவு வீடு இல்லை.

அவர்களைக் கலிஹி முதலிய இடங்களில் போட்ட முகாம்களில் வாரக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். சாப்பாடும் துணியும் சர்க்கார் செலவு. ஏப்ரல் 30ஆம் தேதி நோய்த்தடைக் காவல் எடுக்கப்பட்டது. பிளேக்கினால் ஹோனலூலுவில் இறந்தவர்கள் சுமார் 40 பேர். பம்பாயோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு சிறிய தொகை! டாக்டர்கள் ஊரைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் காப்பாற்றிய செலவு யார் பேரில் எழுதப்பட்டது?

வேண்டுமென்றேதான் கொளுத்தினார்கள், துறைமுகத்தை ஒட்டிய நல்ல நிலத்தைப் பறிக்கத்தான் இந்தச் சூழ்ச்சி என்று சீனர்கள் பலர் நம்பினார்கள். அப்படி நம்பியதில் ஆச்சரியமில்லை. ஜேம்ஸ் மோர் என்ற அமெரிக்கச் சரித்திரப் பேராசிரியர் 2005இல் வெளியிட்ட நூலில், அது விபத்துதான், டாக்டர்களின் நோக்கம் வைத்தியம்தான் என்று முடிவு கட்டுகிறார். இருக்கட்டும். நோக்கம் நல்லதாயிருந்தால் எரிந்த அரிசி மூட்டை திரும்பிவராது.

நஷ்டஈடு கேட்டுச் சீனரும் ஜப்பானியரும் கூட்டங்கள் போட்டார்கள். அவர்கள் நாட்டுக் கான்ஸல்கள் வற்புறுத்தினார்கள். இன்ஷூரன்ஸ் செய்திருந்தவர்கள் கம்பெனிகளிடம் போனார்கள். ‘அதிகாரிகளின் உத்தரவினால் ஏற்பட்ட தீக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று பாலிஸியில் ஒரு ஷரத்து இருந்தது. கம்பெனிகள் அந்த ஷரத்தைப் பிடித்துக்கொண்டன.

சர்க்காரும் அப்படியே கைவிரித்திருக்கலாம். அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 1849இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் பெருந்தீ பரவியபோது, நகரத் தலைவராயிருந்த ஜியரி என்பவர் தீயைத் தடுக்க ஒரு வீட்டை வெடிவைத்துத் தகர்த்தார். வீட்டுக்காரர் வழக்குத் தொடர்ந்தார். ‘கொஞ்சம் அவகாசம் கொடுத்திருந்தால் சாமான்களையாவது எடுத்திருப்பேனே’ என்பது அவருடைய கட்சி. 1853இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பொது ஆபத்தில் அவசியத்தினால் செய்த காரியத்துக்கு நஷ்டஈடு கிடையாது என்று தீர்ப்பளித்தது. ஊருக்காக ஒருவர் வீடு போகலாம். போனால் போனதுதான் என்பது இதன் சாரம்.

ஹோனலூலுவில் இந்தத் தர்க்கத்தை முழுக்கப் பிரயோகிக்க முடியவில்லை. எரிந்தது ஒரு வீடல்ல, ஒரு பேட்டை. இழந்தவர்களுக்குப் பின்னால் இரண்டு வெளிநாட்டுக் கான்ஸல்கள் இருந்தார்கள். அதோடு, அந்தத் தீயைக் கடவுள் வைக்கவில்லை, சர்க்கார் வைத்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. 1901இல் ஹவாய்ச் சட்டசபை, தீ நஷ்டக் கோரிக்கைகளை விசாரிக்க ஒரு கமிஷனை நியமித்தது.

6,700க்கு மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. கேட்ட மொத்தத் தொகை ஏறக்குறைய 31 லட்சத்து 75 ஆயிரம் டாலர். கமிஷன் ஒப்புக்கொண்டது சுமார் 14 லட்சத்து 73 ஆயிரம். நம்முடைய பழைய கணக்கில் சொன்னால், ரூபாய்க்கு ஏழரை அணாவுக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பணமும் கையில் இல்லை. 1903 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியது. மீதிக்கு ஹவாய் தன் பெயரில் கடன் பத்திரம் விற்றது. தீ எரிந்து மூன்று வருஷங்களுக்குப் பிறகுதான் பணம் பட்டுவாடா ஆகத் தொடங்கியது.

கேட்டவர்கள் எல்லாரும் உண்மைதான் சொன்னார்கள் என்று நான் வாதாடவில்லை. பத்து மூட்டையை இருபது என்று எழுதியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு சின்ன மளிகைக் கடைக்காரரை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். கடைக்குள் என்ன இருந்தது என்று காட்ட வேண்டிய பேரேடு, கடையோடு சேர்ந்து எரிந்துபோயிற்று. யார் யார் எவ்வளவு பாக்கி என்பதும் அதில்தான் இருந்தது. பாக்கிக்காரர்களோ முகாமில் சர்க்கார் சோறு சாப்பிடுகிறார்கள். சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி மட்டும் தன் பேரேட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்! மூன்று வருஷம் கழித்து வரும் பாதிப் பணத்தில் அந்தக் கடை மறுபடி திறக்குமா? மேல் அறையில் பாய் விரித்திருந்த கூலிக்காரரின் கதி இன்னும் மோசம். அவருக்கு ரசீதும் கிடையாது, பத்திரமும் கிடையாது. கட்டடத்துக்கு மதிப்புப் போடலாம், இருந்து பழகிய இடத்துக்கு என்ன மதிப்புப் போடுவது? ஏணியின் உச்சியில் இருந்த நிலச் சொந்தக்காரருக்கோ நிலம் அப்படியே இருந்தது. நிலத்தை எந்த நெருப்பும் எரிப்பதில்லை.

சிலர் எழுந்து நின்றார்கள். 1882இல் ஆரம்பித்த ‘வோ பாட்’ என்ற சீனச் சாப்பாட்டுக் கடை, 1886 தீயிலும் போய், 1900 தீயிலும் போய், மறுபடியும் எழுந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் வியாபாரம் செய்தது. ஜப்பானியர்கள் தங்களுக்குள் தர்மச் சங்கம் அமைத்து 1900இல் ஓர் ஆஸ்பத்திரியே திறந்தார்கள். குவாகினி என்ற பெயரில் அது பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஆனால் சைனாடவுனில் குடியிருந்த சீனர்களில் பலர் திரும்பி வராமல் நகரத்தின் வேறு பகுதிகளுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு நூற்றிருபது வருஷம் கழிந்தது. 2020இல் கொரோனா வந்தபோது அதே ஹோனலூலு மறுபடியும் கடைகளைச் சாத்தச் சொன்னது. விமானங்கள் நின்றன, உல்லாசப் பிரயாணிகளை நம்பியிருந்த ஊர் ஸ்தம்பித்தது. இந்தத் தடவை அங்கே நகர ஆட்சி இருந்தது. ஒன்றையும் கொளுத்தவில்லை. கொளுத்தாமலே ஒரு கடையை அழிக்க முடியும் என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது.

மத்திய அரசாங்கம் அனுப்பிய பணத்திலிருந்து, நகர நிர்வாகம் 2020 மே மாதத்திலேயே சிறு வியாபாரிகளுக்கு உதவி நிதி தொடங்கியது. ஆரம்பத்தில் ஒரு கடைக்குப் பதினாயிரம் டாலர் வரை. திருப்பித் தர வேண்டாம். வாடகை கொடுக்க முடியாதவர்களை வெளியேற்றக் கூடாது என்று ஹவாய் கவர்னர் போட்ட தடை 2020 ஏப்ரல் முதல் 2021 ஆகஸ்ட் வரை நீடித்தது. 2021 ஏப்ரலில் நகரம் வாடகை உதவித் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. மாதம் 2,500 டாலர் வரை வாடகைக்கும், 500 டாலர் வரை மின்சாரம், தண்ணீர்க் கட்டணங்களுக்கும் கிடைத்தது. வெளியேற்றத் தடை எடுக்கப்பட்டதும் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் கோர்ட்டுக்கு ஓடிவிடாதபடி ஒரு சட்டமும் செய்தார்கள். வழக்குப் போடுமுன் வீட்டுக்காரர் குடித்தனக்காரருக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்து, மத்தியஸ்தர் முன்னால் உட்கார்ந்து பேச இடம் தர வேண்டும். அதிக மாத பாக்கி வைத்தவர்கள்மீது முதலில், மற்றவர்கள்மீது பிறகு என்று படிப்படியாகத்தான் வழக்குகளுக்கு வழி விட்டார்கள்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது டாலர் கணக்கை அல்ல. 1900இல் முதலில் நஷ்டம், பிறகு நிரூபணம், அதற்கும் பிறகு பேரம், கடைசியில் பணம். 2020இல் வாடகை பாக்கி விழும்போதே பணம் வர ஆரம்பித்தது. ஏணியின் கீழ்ப்படியில் நின்றவரின் பெயரும் ஒரு பாரத்தில் ஏறியது. வாடகை உதவியினால் குடித்தனக்காரர் கூரையின் கீழ் இருந்தார். வீட்டுக்காரருக்கும் வரும்படி நிற்கவில்லை. 1900இல் அந்த ஏணியை ஒருவரும் முழுவதும் ஏறி இறங்கிப் பார்க்கவில்லை.

புதிய ஏற்பாட்டிலும் குறைகள் இல்லாமலில்லை. பாரம் பூர்த்தி செய்யக் கம்ப்யூட்டர் வேண்டும், வாடகைச் சீட்டு வேண்டும், வருமான அத்தாட்சி வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி அறை எடுத்தவர் இன்றைக்கும் ரசீது இல்லாதவர்தான். அவர் சைனாடவுனின் மேல் அறைக் கூலிக்காரரின் நேர் வாரிசு. உதவியை நிறுத்தும் தேதி வந்ததும் பாக்கி மட்டும் மறைந்துவிடவில்லை.

ஆனாலும் வித்தியாசம் உண்மையானது. பொது நன்மைக்காகப் போடும் உத்தரவுக்கு ஒரு செலவு உண்டு. அந்தச் செலவைப் பொதுவிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பதை 1901இல் ஒரு கமிஷன் அரைமனத்தோடு ஒப்புக்கொண்டது. அந்த அரைமனத்துக்குப் பின்னால், ஆறாயிரத்துச் சொச்சம் பேர் எழுதிய மனுக்கள் இருந்தன. அரிசி மூட்டை இத்தனை, தையல் மெஷின் ஒன்று, கட்டில் ஒன்று என்று எரிந்த வீட்டை நினைவிலிருந்து கணக்கெடுத்து, புரியாத பாஷையில் நடந்த விசாரணைக்கு முன்னால் அவர்கள் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. கேட்காமலிருந்திருந்தால் அதுவும் கிடைத்திராது. 2020இல் ஹோனலூலு வியாபாரி நிரப்பிய பாரத்துக்கு முன்னோடி அந்த மனுக்கள்தான்.