கருண் சந்தோக்

கருண் சந்தோக் (பிறப்பு: 19 ஜனவரி 1984, சென்னை) ஃபார்முலா ஒன் ஓட்டிய இரண்டாவது இந்தியர், இன்று அப்பந்தயத்தின் தொலைக்காட்சி வர்ணனையாளர். தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை நிறுவியவர்களுள் ஒருவர். தந்தை விக்கி சந்தோக்கும் பந்தயக்காரர். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் வரும் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் அந்தக் கிளப்புடையதே.

2001இல் ஃபார்முலா ஆசியா, 2006இல் ஃபார்முலா ரெனோ வி6 ஆசியா பட்டங்களை வென்றார். ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த நிலையான ஜிபி2 தொடரில் 2007இல் பெல்ஜியத்தின் ஸ்பாவிலும் 2008இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமிலும் முதலிடம்.

2010இல் ஃபார்முலா ஒன்னின் எச்ஆர்டி அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல் பந்தயமான பஹ்ரைனில் கார் தயாராகாததால், தகுதிச் சுற்றில்தான் அதை முதன்முதலாக ஓட்டினார். ஒரு புதியவருக்கு இதைவிடக் கடினமான தொடக்கம் அமைந்திருக்க முடியாது. ஆயினும் ஆஸ்திரேலியாவிலும் மொனாக்கோவிலும் 14ஆம் இடம் பெற்றார். அந்த ஆண்டு 10 பந்தயங்கள். 2011இல் லோட்டஸ் அணிக்காக ஜெர்மனியில் ஒன்று. அத்துடன் ஃபார்முலா ஒன் வாழ்க்கை முடிந்தது. 2012இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவரது அணி 6ஆம் இடம் பிடித்தது. பின்னர் மஹிந்திராவுக்காக, மின்சாரக் கார்களின் பந்தயமான ஃபார்முலா ஈ ஓட்டினார்.

பிபிசி வானொலி, சேனல் 4 வழியாக 2019இல் ஸ்கை ஸ்போர்ட்ஸுக்கு வந்தார். தொடுதிரையில் இரு ஓட்டுநர்களின் சுற்றுகளை அருகருகே ஓடவிட்டு, யார் எங்கே பிரேக் மிதித்தார், எந்த வளைவில் நேரம் இழந்தார் என்று விளக்குவது அவர் பாணி. ஓட்டுநராகக் கிடைக்காத உலகக் கவனம் அவருக்கு இந்தப் பணியில்தான் கிடைத்தது.