குடல் சொல்லும் ஜோசியம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பாத்திரத்தின் முடிவு அவனுக்கு முன்பே தெரியும். டாக்டர்களுக்கும் இந்தச் சௌகரியத்தின் மேல் நெடுநாளாக ஓர் ஆசை.

சென்ற மாதம் குன்னூரில், தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற நண்பரோடு ஸிம்ஸ் பூங்காப் பக்கம் நடந்தேன். பெருங்குடலில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் ஆகி ஒரு வருஷமாகிறது. சட்டைப் பையிலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்தார்.

"ஸி.இ.ஏ. மூன்றாக இருந்தது, ஏழாகிவிட்டது. இன்னும் எத்தனை நாள், தம்பி?"

எதிரே பாஸ்டர் நிலையம் தெரிந்தது. 1907-ல் ஏற்பட்டது. அங்கே பணியாற்றிய ராபர்ட் மக்காரிஸன், குரங்குகளுக்குச் சத்தற்ற உணவைக் கொடுத்து, அவற்றின் குடல் சீர்கெடுவதைக் கண்டு 1921-ல் நூலாக வெளியிட்டார். குடலில் எழுதியிருப்பதைப் படிக்கலாம் என்று இந்த மலையிலேயே ஒருவர் காட்டியிருக்கிறார்.

புற்றுநோயில் அந்த எழுத்தைப் படித்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள். லண்டனில் கத்பர்ட் டியூக்ஸ் 1932-ல் மலக்குடல் கட்டிகளை மூன்றாக வகுத்தார்: குடற்சுவருக்குள் நின்றவை, சுவரைக் கடந்தவை, நிணநீர் முடிச்சுகளை எட்டியவை. மூன்றாம் வகை வந்தவர்களில் பிழைத்தவர்கள் குறைவு. 1965-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பில் கோல்டும் ஸாமுவேல் ப்ரீட்மனும், குடற்கட்டியிலும் கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் ஒரே பொருளைக் கண்டார்கள். அதுதான் ஸி.இ.ஏ. இனி ரத்தத்தைக் கொண்டே புற்றுநோயைப் பிடித்துவிடலாம் என்று பலரும் நம்பினார்கள். பிறகு பார்த்தால், புகை பிடிப்பவருக்கும் ஈரல் கெட்டவருக்கும்கூட அது ஏறியது. கட்டி உள்ள சிலருக்கு ஏறவே இல்லை. கடைசியில், ஆபரேஷனுக்குப் பின் நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் காவற்காரன் வேலை அதற்குக் கிடைத்தது.

இப்போது கட்டியின் மரபணுவையே படிக்கிறார்கள். கே-ராஸ் என்ற மரபணு மாறியிருந்தால் செடுக்ஸிமாப் என்ற மருந்து பலிக்காது என்பது 2008-ல் தெளிவாயிற்று. மருந்து பலிக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்லும் அடையாளம் அது.

ஆனால் இவையெல்லாம் ஆயிரம் பேரைப் பார்த்துக் கண்ட உண்மைகள். என் நண்பர் ஒருவர். அவருடைய நாளை எண்ணித் தர எந்த அடையாளத்தாலும் முடியாது.

"ஏழு என்றால் ஏழு மாதமில்லை, அண்ணா. மறுபடி ரத்தம் எடுத்து, ஸ்கான் பார்க்கச் சொல்கிறது. திரும்பியிருந்தாலும், சீக்கிரம் தெரிந்தால் சிலருக்கு மறுபடி அறுத்தெடுக்க வழியுண்டு."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "திங்கட்கிழமை கோயமுத்தூர் போகிறேன். நீயும் வா" என்றார்.

போனேன்.