சூலகத்தின் ஓர் அரிய தீங்கற்ற கட்டி: திசு நோயியல் வழி இனங்காணல்

1. கட்டியின் இயல்பு

ஸ்கிளிரோசிங் ஸ்ட்ரோமல் ட்யூமர் சூலகத்தின் தாங்குதிசுவில் தோன்றும் தீங்கற்ற கட்டி. சால்வார்ஜியனும் ஸ்கல்லியும் 1973இல் இதைத் தனி வகையாக விவரித்தனர். இதே இனத்தைச் சேர்ந்த ஃபைப்ரோமாவும் தீகோமாவும் பெரும்பாலும் நடுவயதிலோ அதற்குப் பின்னோ வருபவை. இந்தக் கட்டியோ 30 வயதுக்கு உட்பட்டோரிடமே மிகுதி. அநேகமாக ஒரு சூலகத்தில் மட்டும் வளரும். மாதவிடாய்க் கோளாறும் அடிவயிற்று வலியும் வழக்கமான முறையீடுகள். டாப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டம் மிகுந்து தெரிவதால், அறுவைக்கு முன்பே புற்றுநோயோ என்ற அச்சம் குடும்பத்தைப் பற்றிக்கொள்கிறது.

2. நுண்ணோக்கியில்

முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்க வேண்டும். இந்தக் கட்டியின் அடையாளம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. செல்கள் நெருங்கிய திட்டுகள். அவற்றைச் சுற்றி நீர்கோத்தும் கொலாஜன் இறுகியும் வெளிறிய பகுதிகள். திட்டுகளுக்குள் மான்கொம்பாய்க் கிளைக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள். இதைக் கண்ட பிறகே உருப்பெருக்கத்தைக் கூட்டலாம். அப்போது கதிர்வடிவச் செல்களும், குமிழி நிறைந்த உருண்டைச் செல்களும் கலந்து தெரியும்.

3. மயக்கம் தரும் ஒப்புமை

அந்த உருண்டைச் செல்களே ஆபத்தான பிழைக்கு வழி. உட்கரு ஓரமாக ஒதுங்கிய செல், பெரும்பாலும் இரைப்பையிலிருந்து சூலகத்துக்குப் பரவும் க்ரூக்கன்பெர்க் கட்டியின் முத்திரைமோதிரச் செல்லை நினைவூட்டும். அக்கட்டியை 1896இல் விவரித்த ஃபிரீட்ரிக் க்ரூக்கன்பெர்க்கே அதைச் சூலகத்தில் பிறந்ததென்று கருதினார். பரவி வந்ததென்பது பின்னரே தெளிவாயிற்று.

வேறுபாடு குமிழிக்குள் இருக்கிறது. க்ரூக்கன்பெர்க்கில் இருப்பது சளிப்பொருள். மியூசிகார்மைன் சாயத்தில் அது சிவக்கும். நம் கட்டியில் இருப்பது கொழுப்பு. மெழுகில் பதிக்கும் வழியில் ஆல்கஹாலும் சைலீனும் அதைக் கரைத்துவிட, வெற்றிடமே எஞ்சும். நோயெதிர்ப்புச் சாயங்களில் இன்ஹிபின், கால்ரெட்டினின் ஏற்பதும் கெராட்டின் ஏற்காததும் துணைச்சான்று. பல வேளைகளில் ஒரு மியூசிகார்மைன் ஸ்லைடே ஐயத்தைப் பெரிதும் தீர்த்துவிடும் என்பது என் கருத்து.

4. உறைவெட்டின் எல்லை

அறுவை நடக்கையிலேயே பார்க்கும் உறைவெட்டில் பனிப்படிகங்கள் செல்களைச் சிதைக்கும். நீர்கோத்த இந்தத் திசுவில் அந்தச் சிதைவு மேலும் கூடும். இளம்பெண்ணின் கட்டியில் அமைப்பு பொருந்தினால், “தாங்குதிசுக் கட்டி, மெழுகுவெட்டுக்குக் காத்திருக்கவும்” என்று சொல்வதே பொறுப்பான விடை. அப்போது கட்டியையோ அந்த ஒரு சூலகத்தையோ அகற்றினால் போதும். கருப்பையும் மறு சூலகமும் தப்பும். திசுவோடு வரும் படிவத்தில் வயதும் மறு சூலகத்தின் நிலையும் எழுதப்படாதிருந்தால், விடை சொல்லுமுன் நோயியலாளர் அறுவை அரங்கைத் தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும்.