திண்ணையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரை: வாசலில் யார் உட்கார்ந்தார்கள்?



நத்தம் சாலையிலும் வத்தலக்குண்டு சாலையிலும் சின்னாளபட்டிப் பக்கமும் புது வீடுகள் நிறைய எழும்புகின்றன. என்னிடம் படித்த பிள்ளைகள் பலரும் கட்டிவிட்டார்கள். மகிழ்ச்சி. பால் காய்ச்ச அழைக்கும்போதே ஒரு கேள்வியும் கேட்கிறார்கள். "டீச்சர், சிட் அவுட்டுக்கு என்ன நாற்காலி வாங்கலாம்? மொட்டை மாடியில் என்ன போடலாம்?" தச்சரிடம் கேட்க வேண்டியதை டீச்சரிடம் கேட்டால் டீச்சர் வரலாறுதான் சொல்வார். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் நாற்காலிக்கும் வருகிறேன்.

நம் ஊரில் வாசலில் என்ன இருக்கை போடுவது என்ற கேள்வியே முன்பு எழவில்லை. வீடு கட்டும்போதே இருக்கையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அதுதான் திண்ணை. தெருவைப் பார்த்தபடி, வாசல்படிக்கு இரண்டு பக்கமும், கூரையின் நிழலுக்குள் அமைந்த மேடை. தலை வைத்துப் படுக்கச் சரிவான திண்டு ஒன்றையும் அதிலேயே பூசி வைப்பார்கள். வீட்டுக்காரரைக் கேட்காமலே வழிப்போக்கர் மூட்டையை இறக்கி வைத்துக் கண் அயரலாம். நாற்காலியை உள்ளே தூக்கி வைத்துக் கதவைச் சாத்தலாம். திண்ணையை அப்படித் தூக்க முடியாது. வீட்டின் ஒரு பகுதியைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்த ஏற்பாடு அது.

தெருவுக்கு வெளியே, பாதையோரங்களிலும் இருக்கை இருந்தது. சுமைதாங்கிக் கல்லை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கவும், திரும்பத் தலையில் ஏற்றவும் தோதான உயரம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நட்டு வைப்பது வழக்கம். 1689-இல் ஆட்சிப் பொறுப்பேற்ற ராணி மங்கம்மாள் மதுரைச் சீமையில் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை இன்றும் நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். நடந்து போகிறவர் உட்கார ஓர் இடம் வேண்டும் என்று நினைத்த காலம் அது.

திண்ணையில்தான் நம் கல்வியும் வளர்ந்தது. 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஊர் ஊராக எத்தனை பள்ளிகள் உள்ளன என்று கணக்கெடுக்கக் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. ஆசிரியர் வீட்டுத் திண்ணை, ஊர்ச் சாவடி, மரத்தடி இவையே அன்று பெரும்பாலும் வகுப்பறைகள். மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான், அவன்தான் சட்டாம்பிள்ளை. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் நடைமுறைப்படுத்தினார். மூத்த பிள்ளைகளே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அவருடைய முறை, பின்னர் இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. உ.வே.சாமிநாதையரும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான்.

இதுவரை படித்ததும், "அந்தக் காலம் பொற்காலம்" என்று எழுதக் கைகள் துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் திண்ணைப் பள்ளி எட்டவே இல்லை. அவர்கள் தெருவிலேயே நின்று, கைகட்டிப் பேசிவிட்டுப் போக வேண்டும். தங்கள் தெருவிலேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தாலும், மேல்சாதிக்காரர் கடந்து போனால் எழுந்து நிற்க வேண்டிய ஊர்கள் இருந்தன. பெண்களுக்கும் திண்ணை சொந்தமில்லை. ஆண்கள் திண்ணையில் இருந்தால் அம்மாக்களும் பாட்டிகளும் நிலைப்படிக்கு உள்ளே நிற்பார்கள். அவர்களுடைய இருக்கை கொல்லைப்புறத்தில் கவிழ்த்த உரல், துவைக்கிற கல், கிணற்றடி மேடை. ஒரே வீடுதான், முன்புறம் ஒரு சட்டம், பின்புறம் ஒரு சட்டம்.

இருக்கைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. மோசிகீரனார் கதையை வகுப்பில் நடித்தே காட்டியிருக்கிறோம், நினைவிருக்கிறதா? களைத்து வந்த புலவர் அது முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் அதில் ஏறித் தூங்கிவிட்டார். வாளால் வெட்ட வேண்டிய குற்றம். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டவில்லை, விசிறி எடுத்து வீசினான். அரசனின் பெருந்தன்மையை மட்டுமே அன்று நாம் பேசினோம். தவறான கட்டிலில் படுத்தால் தலை போகும் என்பதுதான் அன்றைய சட்டம் என்பதையும் அந்தக் கதை சொல்கிறது.

பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் பங்களாக்களில் திண்ணை இல்லை, அகலமான வராந்தா இருந்தது. அதில் சாய்வு நாற்காலி போட்டார்கள். முதுகுக்குப் பிரம்புப் பின்னல், கால் நீட்டிப் போட நீளமான கை. நம் வீடுகளில் 'ஈசி சேர்' என்று தாத்தாக்கள் உட்கார்ந்தது அதன் உறவுக்கார நாற்காலிதான். ஒருவர் மட்டும் சாய முடியும், மற்றவர் நிற்க வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு நாற்காலிக் கதை உண்டு. 1875-இல் திருச்சி மதுரை ரயில் பாதை வந்தது. அம்மையநாயக்கனூரில் உள்ள நிலையம்தான் இன்றைய கொடைரோடு. அங்கே இறங்கிய துரைமார்கள் மாட்டு வண்டியில் மலையடிவாரம் போவார்கள். மோட்டார் சாலை வரும்வரை, அதற்கு மேல் கொடைக்கானலுக்குக் குதிரை அல்லது டோலிதான். டோலி என்றால் கம்பில் கட்டிய நாற்காலி. உட்கார்ந்தவர் ஒருவர், சுமந்தவர்கள் பலர். வெளியில் போட்ட நாற்காலியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோள்கள்தான் ஞாபகம் வரும்.

எங்கள் தலைமுறையில் திண்ணை மெல்ல மறைந்தது. மனை விலை ஏறியது, சாலையை அகலப்படுத்தினார்கள், கிரில் கேட் வந்தது, டிவி வந்து எல்லோரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. திருமணம், காதுகுத்து என்றால் ஜமக்காளமும் கோரைப்பாயும் போய், பந்தல்காரர் இறக்கும் மடக்கு இரும்பு நாற்காலி வந்தது. வேட்டியைக் கிழிக்கும், விரலை நசுக்கும், எண்ணிக்கையும் போதாது. முதல் வரிசை பெரிய மனிதர்களுக்கு, மற்றவர்கள் நின்றுகொள்ள வேண்டும்.

அடுத்து வந்ததுதான் நீங்கள் கேலி செய்யும் பிளாஸ்டிக் நாற்காலி. 1972-இல் பிரான்சு நாட்டின் ஹென்றி மாசோனே என்பவர், ஒட்டும் திருகாணியும் இல்லாமல் ஒரே அச்சில் ஒரு நாற்காலியை இரண்டு நிமிடத்துக்குள் வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாய்ந்து, ஆறி, முழு நாற்காலியாக வெளியே வரும். அந்த வகை நாற்காலி உலகமெங்கும் பரவி நம் ஊருக்கும் வந்தது. ஒரு கையால் தூக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், விலையும் குறைவு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் ஊரின் அழகு கெடுகிறது என்று 2008 முதல் 2017 வரை பொது இடங்களில் இதைத் தடை செய்தே வைத்திருந்தது.

எனக்கு அது அழகாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளையைப் பற்றிப் பேச வரும் பெற்றோர் பலர் உட்காரவே மாட்டார்கள். "உட்காருங்கம்மா" என்றால் வராந்தாத் தரையில் உட்காருவார்கள், இல்லையென்றால் தூணோரம் நிற்பார்கள். அலுவலக அறையில் இருந்த கைவைத்த மர நாற்காலி அவர்களுக்கு ஆபீசர் நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தபின் நான் உட்காருவதும் அவர்கள் உட்காருவதும் ஒரே நாற்காலி ஆனது. கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபிறகுதான் பிள்ளையைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். நின்றவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள்.

நாற்காலி மலிந்ததால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் தலைவர், பட்டியல் சமூகத்துப் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்த அறையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. கொடுக்க மனம் இல்லை. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்து 70 ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது இது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் இடம். நம் ஊரில் மாலை வெயில்தான் கொடுமை. வீட்டின் கிழக்குப் பக்கம் மதியத்துக்கு மேல் நிழலாகிவிடும், அங்கே இருக்கை போடுங்கள். கருங்கல் பெஞ்சு நூறு வருடம் நிற்கும், ஆனால் வெயிலைக் குடித்துவிட்டு இருட்டிய பிறகும் சுடும். அதை வேப்ப மரத்தடியில் மட்டும் போடுங்கள்.

தேக்கு, மழை வெயில் இரண்டையும் தாங்கும். அதில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. நிறம் சாம்பலாக மாறும், அதற்காகப் பயப்பட வேண்டாம். இயற்கைப் பிரம்பு நிழலுக்கும் உலர்ந்த இடத்துக்கும்தான் சரி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நனைந்தால் பூசணம் பிடிக்கும். இரும்பு துருப்பிடிக்கும், மதிய வெயிலில் உட்காரவும் முடியாது. பிளாஸ்டிக் வெயிலில் கிடந்தால் வெளுத்து, மாவுபோல் உதிர்ந்து, ஒருநாள் கால் பட்டென்று ஒடியும். மொட்டை மாடியிலேயே போட்டு வைக்காதீர்கள், பயன்படுத்திவிட்டு நிழலில் அடுக்குங்கள்.

மாடிக்கு என் ஓட்டு கயிற்றுக் கட்டிலுக்குத்தான். அடியிலும் காற்று புகும், ஒருவராகத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைக்கலாம், தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒன்றரை அடி உயரத்தில், இரண்டு பக்கமும் கை வைத்த நாற்காலி ஒன்று அவசியம். முட்டி வலிக்காரர்கள் ஊன்றித்தான் எழ முடியும்.

கடைசியாக ஒன்று. நான்கு பேர் இருக்கும் வீட்டில் வாசலுக்கு நான்கு இருக்கை வாங்காதீர்கள், ஐந்தாக வாங்குங்கள். ஐந்தாவதும் அதே மாதிரி நாற்காலியாக இருக்கட்டும். பழையது, உடைந்தது, முக்காலி வேண்டாம். கேஸ் சிலிண்டர் சுமந்து வருபவர், பொட்டலம் கொண்டு வரும் தம்பி, தெரு கூட்டும் அம்மா யார் வந்தாலும் "உட்காருங்க, தண்ணி குடிங்க" என்று சொல்ல அது உதவும். இடம் இருந்தால் கேட்டுக்கு வெளியே இரண்டடி நீளத்துக்கு ஒரு சின்னத் திண்ணையும் கட்டுங்கள். இந்த முறை அது எல்லோருக்குமான திண்ணையாக இருக்கட்டும்.

டீச்சர் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டார் என்பது தெரியுமே! வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று இரவே கேளுங்கள்: உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றுகொண்டே பேசினார்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் மெதுவாகத்தான் வரும். பொறுமையாகக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்