மறியற்சாலையும் வரிப்பணமும்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கவுண்டி எனப்படும் பிரதேசப் பிரிவுகளின் சிறைகளைப் பரிபாலிக்கும் பொறுப்பு உள்ளூர்ச் சமாதான நீதவான்களிடம் இருந்தது. பெரும்பாலும் நிலவுடைமையாளரான இவர்கள், சிறைகளுக்காக உள்ளூர் வரியை உயர்த்த விரும்பினாரல்லர். சிறைக்காவலர் பலருக்குச் சம்பளமே இல்லை. கைதிகளிடம் அறவிட்ட கட்டணமே அவர்தம் சீவனோபாயம். இதனால், குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்டோரும் கட்டணம் செலுத்த வகையற்று மீண்டும் சிறைக்குள் அடைக்கப்பட்டனர்.

1773இல் பெட்போட்சயரின் ஷெரிப்பாகப் பதவியேற்ற ஜோன் ஹோவார்ட், காவலருக்குச் சம்பளம் வழங்குமாறு நீதவான்களைக் கோரினார். அதற்கு முன்னுதாரணம் உண்டா என அவர்கள் வினவினர். (செலவைத் தவிர்க்க முனையும் நிர்வாகத்துக்கு முன்னுதாரணமின்மை எக்காலத்தும் கைகொடுப்பதே.) முன்னுதாரணம் தேடி அயற்கவுண்டிகளுக்குச் சென்றவர் அங்கும் அதே அநீதியையே கண்டார். 1774ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலையானோரின் கட்டணத்தைக் கவுண்டி வரியின்மீது சுமத்திற்று.

ஆயினும் சிறைகளின் நெரிசலுக்கு வறுமையே பெருங்காரணமாயிற்று. 1776இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஹோவார்ட் கணக்கிட்ட 4,084 கைதிகளுள் 2,437 பேர் கடனாளிகள். சிறைக் கட்டணங்கள் முற்றாக ஒழிய 1815 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1877ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர்ச் சிறைகளை மத்திய அரசிடம் ஒப்படைத்தபோதும், அதற்கு ஆதரவு திரட்டிய பிரதான வாதம் கைதியின் நலனன்று. உள்ளூர் வரியிறுப்பாளரின் சுமைக் குறைப்பே.